ஸ்நோவும் கோல்ட் கிரீமும்

அலங்காரப் பொருள்கள் விற்கும் கடையில் அருகருகே வைக்கப்பட்டிருக்கும் இரண்டு கண்ணாடிச் சிமிழ்களைத் திறந்து பார்த்தால், இரண்டிலும் வெண்மையும் மிருதுத்தன்மையும் நறுமணமும் கொண்ட ஒரே மாதிரியான களிம்புதான் தென்படும். ஆயினும் ஒன்றை முகத்தில் தடவிய சில நிமிஷங்களில் தடவிய அடையாளமே இல்லாமல் மறைந்துபோக, மற்றொன்றோ கன்னத்தில் எண்ணெய்ப் பளபளப்பை நிறுத்தி, வெறும் தண்ணீரால் கழுவினாலும் போகாமல் தங்கிவிடுகிறது. முன்னதை ஸ்நோ என்றும் பின்னதைக் கோல்ட் கிரீம் என்றும் நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறோம். இன்று எத்தனையோ புதுப் பெயர்களோடு விற்பனைக்கு வரும் சருமக் களிம்புகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டு குலங்களுள் ஒன்றன் வழித்தோன்றல்களே ஆகையால், இவற்றின் சேர்க்கைப் பொருள்களை ஒப்பிட்டு அறிந்துகொள்வது பிரயோஜனமுள்ள காரியம் என்பது என் அபிப்பிராயம்.

களிம்பின் குணத்தை ஆராயுமுன் அது படியும் இடத்தின் ஸ்வபாவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தேகத்தை வெளியுலகத்திலிருந்து பிரிக்கும் சருமத்தின் மேற்புறத்தில், உயிரற்ற தட்டையான அணுக்கள் பதினைந்து இருபது அடுக்குகளாக நெருங்கிப் படிந்து, அவற்றின் இடைவெளிகளைக் கொழுப்புப் பொருள்கள் நிரப்பி நிற்கும் ஒரு படலம் உண்டு. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக ஏனைய இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஓரிரண்டு பங்குதான் என்றாலும், உடலினுள் இருக்கும் நீர் ஆவியாகி ஓடிவிடாமல் காப்பது முக்கியமாக இந்த மெல்லிய படலமே. தோல் வறண்டது, வெடித்தது, சொரசொரப்பாயிற்று என்று நாம் சொல்லுவதெல்லாம் பெரும்பாலும் இப்படலத்தின் நிலையைக் குறித்தே.

வறட்சிக்குக் காரணம் எண்ணெய்ப் பசை குறைவதே என்றும், எண்ணெயை ஊட்டினால் தோல் மிருதுவாகும் என்றும் நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்த விஷயத்தை, அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்ற விஞ்ஞானி மிகவும் எளிய பரிசோதனை ஒன்றினால் சோதித்து, 1952ஆம் வருஷத்தில் தம் முடிவுகளை வெளியிட்டார். உள்ளங்காலில் காய்த்துத் தடித்த தோலைச் சீவி எடுத்து, அதை நன்றாக உலர்த்தி, ஒடியும் பதத்துக்குக் கொண்டுவந்தபின், அத்துண்டுகளைப் பலவித எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் ஊற வைத்துப் பார்த்தபோது, அவை எவ்வளவு காலம் ஊறியும் ஒடியும் தன்மையை இழக்கவில்லை; நீரிலோ, ஈரக் காற்றிலோ வைத்த துண்டுகள் மட்டும் வளைந்து கொடுத்தன. நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் நீர் இருந்தால்தான் அப்படலம் நெகிழ்ச்சியோடு இருக்கும் என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே தோலை மிருதுவாக்குவது ஜலமே. எண்ணெய் செய்யும் உபகாரம், அந்த ஜலம் ஓடிப்போகாமல் தடுப்பதுதான். எந்தக் களிம்பை எடுத்துக்கொண்டாலும் அதில் நீர் எங்கே இருக்கிறது, தோலில் படிந்தபின் அந்நீருக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியையே முதலில் கேட்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

இவ்விரண்டில் வயதில் மூத்தது கோல்ட் கிரீம். கிறிஸ்து சகாப்தத்தின் இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டைச் சேர்ந்த பெர்கமம் என்ற நகரில் பிறந்து, கிளாடியேட்டர்கள் என்ற வாட்போர் அரங்க வீரர்களுக்கு வைத்தியம் பார்த்து, பின்னர் ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸின் அரண்மனை வைத்தியராக விளங்கிய கேலன் என்பவரே இதற்கு மூலபுருஷர் என்று மருத்துவ சரித்திரம் கூறுகிறது. தேன்மெழுகை ஆலிவ் எண்ணெயில் உருக்கி, அதில் பன்னீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்குவது அவருடைய முறை. இதன் வம்சத்தில் வந்து, அமெரிக்க மருந்து நூலில் இடம்பெற்ற பன்னீர்க் களிம்பின் சூத்திரத்தைப் பார்த்தால், ஆயிரம் பங்கில் பாதாம் எண்ணெய் 560, திமிங்கிலத்தின் தலையிலிருந்து கிடைக்கும் ஸ்பெர்மசெட்டி என்ற மெழுகு 125, வெண்மையாக்கிய தேன்மெழுகு 120, பன்னீர் 190, வெண்காரம் 5 என்ற விகிதம் காணப்படும். எண்ணெயும் மெழுகும் சேர்ந்து ஐந்தில் நான்கு பங்கு. நீர் ஐந்தில் ஒரு பங்குதான்.

இச்சூத்திரத்தில் மிகவும் சொற்பமாக நிற்கும் வெண்காரத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கேலனின் களிம்பு சில நாட்களில் நீர் வேறு, எண்ணெய் வேறாகப் பிரிந்துவிடும் குறையுடையது. தேன்மெழுகில் இயற்கையாகவே கொழுப்பு அமிலங்கள் கொஞ்சம் உண்டு. அவற்றோடு க்ஷாரத்தன்மையுள்ள வெண்காரம் சேரும்போது, கொதிகலனிலேயே ஒரு வகைச் சோப்பு உண்டாகிவிடுகிறது. சோப்பின் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடுவதால், ஒன்றோடொன்று சேராத அவ்விரு திரவங்களின் எல்லையில் அது நின்று, பிரிந்து போகாமல் அவற்றைப் பிணைத்து வைக்கிறது. ஆயிரத்தில் ஐந்து பங்கு வெண்காரம் கேலனின் குறையைப் போக்கிற்று.

ஸ்நோவின் கதை வேறு. பிரெஞ்சு ரசாயன சாஸ்திரியான செவ்ரெல், கொழுப்புகளைப் பிரித்து ஆராய்ந்து, மெழுகு போன்ற கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தைக் கண்டு விவரித்து, தம் ஆராய்ச்சிகளை 1823ல் நூலாக வெளியிட்டார். நூற்றிரண்டு வயது வரை வாழ்ந்த அப்பெரியார் கண்டறிந்த அந்த அமிலம் முதலில் மெழுகுவத்தித் தொழிலுக்கே பெரிதும் பயன்பட்டது. 1892ல் லண்டனில் பரோஸ் வெல்கம் என்ற மருந்துக் கம்பெனியார் அதே அமிலத்தை ஆதாரமாகக் கொண்ட ‘ஹேஸலின் ஸ்நோ’வை வெளியிட்டபின், அவ்வகைக் களிம்பு இந்தியாவெங்கும் பரவியது, 1919ல் பம்பாயில் பாட்டன்வாலா என்பவர் தொடங்கிய ‘ஆப்கான் ஸ்நோ’ நம் தேசத்துத் தயாரிப்பாகப் பெரும் புகழ் பெற்றது. ஸ்நோவும் பவுடரும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் வேரூன்றியது அக்காலத்தில்தான்.

சாதாரணமான ஒரு ஸ்நோவில் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாமல் நீர், சுமார் இருபது பங்கு ஸ்டியரிக் அமிலம், ஐந்து முதல் பத்துப் பங்கு கிளிசரின், ஏறத்தாழ ஒரு பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்ற கடுமையான க்ஷாரம் ஆகியவை இருக்கும். அந்த ஒரு பங்கு க்ஷாரம், இருக்கும் அமிலத்தில் ஏறக்குறைய கால்வாசியைத்தான் சோப்பாக மாற்ற வல்லது. எஞ்சிய முக்கால் பங்கு அமிலம் அமிலமாகவே நின்று, நாளடைவில் நுண்ணிய படிகங்களாகி, முத்தின் ஒளி போன்ற மினுமினுப்பைக் களிம்புக்குத் தருகிறது. தோற்றத்தில் ஏறத்தாழப் பதினேழு நூற்றாண்டு இடைவெளியுடைய இவ்விரு பண்டங்களிலும், அமிலத்தையும் க்ஷாரத்தையும் பாத்திரத்திலேயே சேர்த்துச் சோப்பை உண்டாக்கிக்கொள்ளும் உபாயம் ஒன்றாகவே அமைந்திருப்பதை எண்ணும்போது எனக்கு ஏற்படும் வியப்பு கொஞ்சமல்ல.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? எது எதற்குள் அடங்கியிருக்கிறது என்பதில். பாலில் நீர் வெளியே பரந்து நிற்க, கொழுப்பு அதனுள் நுண்துளிகளாக மிதக்கிறது. கடைந்தெடுத்த வெண்ணெயிலோ கொழுப்பு வெளியே சூழ்ந்து, நீர் அதனுள் துளிகளாக அகப்பட்டுக் கிடக்கிறது. ஸ்நோ பாலின் ஜாதி. கோல்ட் கிரீம் வெண்ணெயின் ஜாதி. சந்தேகமுள்ளவர்கள் இரண்டிலும் சிறிதளவு எடுத்து, தனித்தனியே தண்ணீருள்ள இரு தம்ளர்களில் இட்டுக் கலக்கிப் பார்க்கலாம்: ஸ்நோ மெல்லக் கரைந்து நீரை வெண்மையாக்கும், கோல்ட் கிரீம் கரையாமல் கட்டியாக மிதந்துகொண்டிருக்கும்.

முகத்தில் நிகழ்வதும் இதையொட்டியதே. ஸ்நோவைத் தடவியவுடன் அதன் வெளிப்புறத்திலுள்ள நீர் விரைவில் ஆவியாகிவிட, சோப்பும் அமிலப் படிகங்களும் கண்ணுக்குப் புலப்படாத மிக மெல்லிய படலமாக எஞ்சுகின்றன. தோல் அதை உறிஞ்சிக் கொண்டதாக நாம் எண்ணுவது பிரமை. அது மேலேயேதான் இருக்கிறது. அந்தப் படலத்துக்குப் பளபளப்பு இல்லாமையால் பவுடர் அதன்மேல் சீராகப் பிடிக்கும். அதில் தங்கும் கிளிசரின், காற்றிலிருந்தும் தோலின் உட்புறத்திலிருந்தும் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும் சக்தி வாய்ந்தது. கோல்ட் கிரீமில் அடைபட்டிருக்கும் நீரும் தேய்க்கும்போது வெளிப்பட்டு, ஆவியாகும் தருணத்தில் தோலின் உஷ்ணத்தைக் கவர்ந்து குளிர்ச்சியைத் தருகிறது. பிறகு எண்ணெயும் மெழுகும் கனமான போர்வையாகப் படிந்து, உள்ளிருக்கும் ஈரம் தப்பிப்போகாமல் மறிக்கின்றன. நாடக நடிகர்கள் வேஷத்துக்குப் பூசிய கொழுப்புச் சாயத்தைக் கரைத்துத் துடைப்பதற்கு இதையே நாடியதும், எண்ணெயில் எண்ணெய் கரையும் என்ற நியாயத்தால்தான்.

வருஷத்தில் பெரும்பகுதி காற்றே ஈரத்தைச் சுமந்துகொண்டிருக்கும் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் கனத்த எண்ணெய்ப் போர்வை பிசுபிசுப்பைத் தவிர வேறு நன்மையைப் பெரிதாகச் செய்யாது. அங்கே ஸ்நோவின் ஜாதியே உசிதம். உதகமண்டலத்துப் பனிக்காலத்திலும், முதுமையினால் எண்ணெய்ச் சுரப்பு குறைந்த தோலிலும், கோல்ட் கிரீமுக்கு ஈடாக ஸ்நோவைச் சொல்ல முடியாது. சோப்பின் சேர்க்கையால் ஸ்நோ சற்றே க்ஷாரத்தன்மையுடையதாக இருப்பதும், வெடித்துப் புண்பட்ட தோலுக்கு அதை ஏற்காததாக்குகிறது. எந்தக் களிம்பானாலும், குளித்துத் துடைத்த ஈரம் முற்றும் உலருமுன் தடவுவதே பிளாங்கின் பரிசோதனையோடு பொருந்திய முறையாகும்.

இன்றைய சிமிழ்களின்மீது அச்சிடப்படும் பொருள்வரிசையைப் படிக்கவும் இந்த ஞானம் உதவும். எடையில் அதிகமானது முதலிலும் குறைந்தது பின்னாலுமாக வரிசைப்படுத்துவது பல நாடுகளில் சட்டமாக இருக்கிறது. நூற்றுக்கு ஒரு பங்குக்குக் குறைந்தவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். முதற்பெயர் நீராகவும் அடுத்தது ஸ்டியரிக் அமிலமாகவும் இருந்தால் அது ஸ்நோவின் வழி. திரவ பாரஃபின் என்ற எண்ணெயும் மெழுகுகளும் முன்னே நின்றால் கோல்ட் கிரீமின் வழி. மேலட்டையில் பெரிய எழுத்தில் படத்தோடு புகழப்படும் குங்குமப்பூவோ, முத்துப்பொடியோ, பொருள்வரிசையில் வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் நின்றால், அது பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று கொள்ளலாம். குறைந்த வருமானமுள்ள குடும்பங்களிலும் பெண்கள் சிறுகச் சேமித்த காசைத் தந்து இவற்றை வாங்குவதால், இவ்விஷயத்தை நான் சற்று அழுத்தியே சொல்லுகிறேன்.

பழைய சூத்திரங்களுக்கும் இன்றைய வரிசைகளுக்கும் உள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை கெட்டுப்போகாமல் காக்கும் முயற்சியால் வந்தவை. பாதாம் எண்ணெய் நாளாக ஆகச் சிக்குவாடை அடிக்கும் இயல்புடையதாதலால், அவ்விடத்தை அவ்வாறு கெடாத திரவ பாரஃபின் பிடித்துக்கொண்டது. திமிங்கில வேட்டைக்கு எதிர்ப்பு வலுத்தபின் ஸ்பெர்மசெட்டிக்குப் பதிலாகச் செயற்கை மெழுகுகள் வந்தன. ஸ்நோவுக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது: நீர் வெளிப்புறமாக இருக்கும் பண்டத்தில் கிருமிகளும் பூஞ்சைகளும் எளிதில் வளருமாகையால், பாரபென் போன்ற காப்புப் பொருள்கள் அதற்கு இன்றியமையாதவை. மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டால், அந்த நீர் நாளுக்கு நாள் வற்றி, ஸ்நோ சுருங்கிச் சிமிழின் சுவரை விட்டு விலகி வெடித்துப்போகும். கிளிசரின் இந்த வறட்சியைத் தாமதப்படுத்துமே அன்றித் தடுத்துவிடாது.