ஓசையற்ற கணினியும் உப்புக் காற்றும்

கணினி ஓசையின்றி இயங்க வேண்டும் என்று விரும்புவது ஆடம்பரமன்று. ஒரே அறையில் ஒருவர் படிக்க, மற்றவர் உறங்க வேண்டிய வீடுகளில் அது தேவை. ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேச்சைப் பதிவு செய்யும் என் போன்றோருக்கும் தேவை. ஆகவே, பழைய கணினியைப் புதுப்பிக்க முனையும் தூத்துக்குடி மாணவர், செயலியின்மேல் பொருத்தும் காற்றுக் குளிர்விப்பானை எவ்வாறு தேர்ந்தெடுக்கலாம் என்பதை இன்று ஆராய்வோம். கடைத்தெருவில் இதனைச் 'சிபியு கூலர்' என்றே கேளுங்கள். 'ஏர் கூலர்' என்றால் கடைக்காரர் அறைக்கு வைக்கும் பெரிய பெட்டியைக் காட்டிவிடுவார்!

முதற்கண், குளிர்விப்பான் குளிரை உண்டாக்குவதில்லை. செயலியில் பிறக்கும் வெப்பத்தை அறைக்காற்றிடம் ஒப்படைப்பதே அதன் தொழில். ஆதலால், செயலியை அறைக்காற்றினும் குளிர்ச்சியாக்க அதனால் இயலாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு வாட்டுக்கும் செயலியின் வெப்பநிலை அறையைவிட 0.4 பாகை உயரும்படி அமைந்த குளிர்விப்பான் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். செயலி 100 வாட் செலவிட்டால் 40 பாகை உயரும். அறை 22 பாகையாயின் செயலி 62 பாகையில் நிற்கும். கோடையில் நம் அறை 36 பாகையாயின் 76 பாகைக்குச் செல்லும். குளிரூட்டிய ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவை நம்பி வாங்குவோர் இந்த 14 பாகையை மறந்துவிடுகின்றனர். அதை ஈடு செய்யத்தான் விசிறி விரைந்து சுழன்று இரைகிறது.

அவ்வாறாயின் இரைச்சலின்றி வெப்பத்தை வெளியேற்றுவது எப்படி? நம் உப்பளங்கள் இதற்கு விடை சொல்கின்றன. கடல்நீரை ஆழமான குழியில் நிறுத்தி யாரும் உப்பு விளைவிப்பதில்லை. பாத்தி கட்டி மெல்லிய படலமாகப் பரப்புகிறார்கள். பரப்பு விரிந்தால் வெயிலும் இளங்காற்றுமே வேலையை முடித்துவிடுகின்றன. குளிர்விப்பானில் அடுக்கடுக்காக இருக்கும் அலுமினியத் தகடுகளின் நோக்கமும் இதுவே. வெப்பம் பெரிய பரப்பில் பரவினால் மெதுவாகச் செல்லும் காற்றே போதும்.

சிறிய செயலியின் வெப்பத்தை அத்தகடுகளுக்கு எடுத்துச் செல்பவை வெப்பக்குழாய்கள். இக்கருத்துக்கு 1944 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரிச்சர்டு காக்லர் காப்புரிமை பெற்றார். 1963 இல் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்து ஜார்ஜ் குரோவர் இதனைத் தனியே உருவாக்கினார். மூடிய செம்புக் குழாயினுள் சிறிதளவு நீர் இருக்கும். உள்ளே அழுத்தம் மிகக் குறைவு; ஆகையால் மிதமான சூட்டிலேயே நீர் ஆவியாகும். ஆவி தகடுகளை அடைந்து வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகளின் வழியே திரும்பி வந்து சேரும்.

விசிறியைப் பற்றி ஓர் உண்மை உண்டு. அதன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஓசையின் ஆற்றலோ ஏறத்தாழ 32 இல் ஒரு பங்காக, அதாவது 15 டெசிபெல் அளவு, குறையும். ஆகவே சிறிய விசிறியை விரைவாக ஓட்டுவதைக் காட்டிலும் பெரிய விசிறியை மெதுவாக ஓட்டுவதே அறிவுடைமை. 92 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டர் விசிறி 1.7 மடங்கு பரப்புடையது.

இனி நம் கரைக்கே உரிய ஒரு தொல்லை. துறைமுகத்துக்கும் உப்பளங்களுக்கும் அருகில் வீசும் காற்றில் நுண்ணிய உப்புத்துகள் கலந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். தகடுகளில் படிந்த உப்பும் அவ்வாறே கசிந்தால், செம்பும் அலுமினியமும் தொடும் இடங்களில் அரிப்பு விரைவாகும். எனவே நிக்கல் பூச்சுள்ள குளிர்விப்பானையே நான் பரிந்துரைப்பேன். தகடுகள் மிக நெருக்கமாக இல்லாதிருப்பதும் நன்று. நெருங்கிய தகடுகளில் தூசி விரைவில் அடையும். காற்றைத் தள்ள விசிறி மேலும் இரைய வேண்டிவரும். கடலை நோக்கிய சாளரத்தின்கீழ் கணினியை வைக்காதிருப்பது செலவில்லாத பாதுகாப்பு.

வாங்குமுன் அளக்க வேண்டியவை இரண்டு. முதலாவது கேபினெட்டின் அகலம். 160 மில்லிமீட்டர் உயரமுள்ள குளிர்விப்பானை வாங்கி வந்தபின் பக்கமூடி மூடாவிட்டால் பயனில்லை. இரண்டாவது சாக்கெட். இன்டெல் நிறுவனம் 2021 இல் 1700 முனைகள் கொண்ட சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது திருகுத் துளைகளின் இடைவெளி மாறியது. பழைய குளிர்விப்பானுக்குப் புதிய பிடிப்பு தேவையாயிற்று. ஏ.எம்.டி. நிறுவனமோ 2022 இல் வந்த ஏ.எம்.5 சாக்கெட்டில் முந்தைய ஏ.எம்.4 பிடிப்புகள் பெரும்பாலும் பொருந்துமாறு அமைத்தது.

முத்து வாங்குவோர் ஒளியைப் பார்ப்பது முறை. விசிறி வாங்குவோர் ஒளியைப் பார்ப்பது வீண். வண்ண விளக்குகள் ஒரு பாகை வெப்பத்தையும் குறைப்பதில்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் பெற்றோரின் பணத்தைச் செலவிடுமுன் இவ்வரிசையைக் கைக்கொள்ளுங்கள். மின் இணைப்பை நீக்கி, உலர்ந்த தூரிகையால் தகடுகளின் தூசியைத் துடையுங்கள். காய்ந்துபோன வெப்பப் பசையை வழித்துவிட்டுப் புதிதாகச் சிறிதளவு இடுங்கள். பின்பு பயாஸ் அமைப்பில் விசிறி மெல்ல ஏறி மெல்ல இறங்குமாறு செய்யுங்கள். ஒரே சீரான ஓசையைச் செவி மறந்துவிடும், ஏறி இறங்கும் ஓசையை மறப்பதில்லை. இவ்வளவும் செய்தபின்னும் இரைச்சல் நிற்கவில்லையெனில், அப்போது கடைக்குச் செல்லுங்கள். விரிந்த பரப்பும் மெதுவான காற்றும் உடைய குளிர்விப்பானைக் கேட்டு வாங்குங்கள்.