எர்த் போட்டால் சரியாகிவிடுமா?

ஹாம் ரேடியோக்காரர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் எந்தக் கோளாறைச் சொன்னாலும், "எர்த் ஒழுங்கா போட்டிருக்கீங்களா ஓ.எம்.?" என்றுதான் முதலில் கேட்பார்கள். (எங்களுக்குள் கல்லூரி மாணவனும் 'ஓல்டு மேன்'தான், அதைச் சுருக்கி ஓ.எம்.) கேள்வியில் தப்பில்லை. ஆனால் ஒரு கோளாறில் மட்டும் இந்த வைத்தியம் பல சமயம் நோயை வளர்த்துவிடுகிறது. ஆன்டெனாவிலிருந்து வெளியே போகவேண்டிய அலை அறைக்குள் திரும்பி வந்து நம் குரலையே கெடுப்பதுதான் அது. ஆர்.எஃப். ஃபீட்பேக் என்போம்.

கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கூய்' என்று ஊளையிடுமே, கிட்டத்தட்ட அதுதான். அங்கே திரும்பி வருவது ஒலி, இங்கே ரேடியோ அலை. அது மைக் ஒயரில் ஏறி ரிக்குக்குள் (எங்கள் ரேடியோப் பெட்டியை அப்படித்தான் சொல்வோம்) புகுந்தால், குரலைப் பெருக்கும் டிரான்சிஸ்டர்கள் டையோடு மாதிரி நடந்துகொண்டு அலையை மறுபடி ஒலியாக்கிவிடும். அந்த ஒலி குரலோடு கலந்து திரும்பவும் ஆன்டெனாவுக்குப் போகும், அங்கிருந்து மறுபடி மைக்குக்கு வரும். எதிர்முனையில் கேட்பவருக்கு, பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கும்.

சென்னைப் புறநகரில் மூன்றாம் மாடியில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இந்தத் தொல்லை வந்தது. வங்கி வேலையில் ஓய்வு பெற்றபின் தேர்வெழுதி உரிமம் வாங்கியவர். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து படிக்கட்டு அறைவரை 20 மீட்டர் ஒயர், அதன் ஒரு முனையில் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி, அங்கிருந்து சுவரோடு இறங்கும் கோஆக்ஸ் கேபிள். 7 மெகாஹெர்ட்ஸில் 100 வாட் வைத்துப் பேசினால் குரல் பிளந்தது. கணினி ஸ்பீக்கர் அவரோடு சேர்ந்து முனகியது, மவுஸ் உறைந்து நின்றது. மைக்கின் உலோகப் பகுதி உதட்டில் பட்டால் சுள்ளென்று கடித்தது. 10 வாட்டுக்குக் குறைத்தால் எல்லாம் சாது.

இப்படி ஒரு நிலையத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது டம்மி லோடு. 50 ஓம் மின்தடைதான் அது. ஆன்டெனா இருக்கவேண்டிய இடத்தில் மாட்டினால் சக்தியெல்லாம் சூடாகிவிடும், அலையாக வெளியே போகாது. அதை மாட்டியும் குரல் கெட்டால் குற்றவாளி ரிக், மைக், பவர் சப்ளை இவற்றில் ஒன்று. குரல் தெளிந்தால் ஆன்டெனா பக்கமிருந்து அலை வருகிறது என்று அர்த்தம். நண்பரின் குரல் முழு 100 வாட்டிலும் கண்ணாடி மாதிரி இருந்தது.

அடுத்து ஆன்டெனாவை மறுபடி மாட்டி, மற்ற ஒயர்களை ஒவ்வொன்றாக உருவவேண்டும். யு.எஸ்.பி. கேபிளை எடுத்தோம், மாற்றமில்லை. பவர் சப்ளைக்குப் பதில் 12 வோல்ட் பேட்டரி வைத்தோம், கொஞ்சம் தேவலை. ரிக்கின் முதுகிலிருந்த எர்த் ஒயரைக் கழற்றியதும் பாதித் தொல்லை போய்விட்டது! பக்கத்துத் தெருவில் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு ஓ.எம்., "என்ன பண்ணீங்க, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

நண்பரால் நம்பவே முடியவில்லை. தடிமனான செம்புக் கம்பியை ஜன்னல் வழியாகத் தரைவரை இறக்கிப் பூமியில் புதைத்திருந்தார். ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து தரை சுமார் 10 மீட்டர். 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 42 மீட்டர், அதில் கால்வாசி பத்தரை மீட்டர். கால் அலை நீளமுள்ள ஒயரின் ஒரு முனை பூமியில் இருந்தால், மறுமுனை அந்த அலைவரிசைக்குத் துண்டித்து வைத்த முனை மாதிரிதான். மின்கசிவைப் பூமிக்குக் கடத்தும் அதே கம்பி, ரேடியோ அலைக்கு எர்த்தே இல்லை. உண்மையில் அதுவும் ஓர் ஆன்டெனா.

மீதிப் பாதி கோஆக்ஸில் இருந்தது. பலர் நினைப்பதுபோல் கோஆக்ஸில் இரண்டு கடத்திகள் இல்லை, மூன்று. நடுக்கம்பி, பின்னல் உறையின் உள்பக்கம், அதன் வெளிப்பக்கம். உயர் அலைவரிசையில் மின்னோட்டம் உலோகத்தின் மேல்தோலில்தான் ஓடும், அதனால் பின்னலின் உள்ளும் புறமும் தனித்தனி. முனையில் ஊட்டும் ஆன்டெனாவுக்கு ஒரு துணை ஒயர் வேண்டும். அது கொடுக்காவிட்டால், பின்னலின் வெளிப்பக்கத்தையே துணையாக எடுத்துக்கொள்ளும். அந்த வழியில்தான் அலை நேராக ரிக்குக்கு வந்துகொண்டிருந்தது.

மருந்து ஃபெரைட் வளையம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, 31 ரகப் பெரிய வளையத்தில் மெல்லிய கோஆக்ஸைப் பன்னிரண்டு சுற்று சுற்றினோம். அந்த இரண்டு மீட்டர் கேபிள் துணை ஒயராகிவிடும், அதற்குமேல் வெளிப்பக்க மின்னோட்டம் இறங்க முடியாது. உள்ளே போகும் சக்திக்கு இது தடையே இல்லை. ஜன்னல் பக்கத்தில் இன்னொன்று. மைக் ஒயரிலும் யு.எஸ்.பி. கேபிளிலும் கிளிப் ஃபெரைட் போட்டோம், அவை இல்லாமலும் சமாளித்திருக்கலாம் என்பது என் எண்ணம். அலை வரும் பாதையை அடைக்காமல் மைக் ஒயரில் மட்டும் ஃபெரைட் கோத்துக்கொண்டே போகிறவர்கள் காசைத்தான் கரைக்கிறார்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வளையம் வாங்கப் போகிறவர்கள் ரகம் கேட்டு வாங்குங்கள். பழைய கணினிப் பவர் சப்ளைகளில் இருக்கும் மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத் தூள், ஃபெரைட் இல்லை. இந்த வேலைக்கு அது உதவாது.

ஒரே ஒரு வேண்டுகோள். எர்த்தைக் கழற்றியதும் குரல் தெளிந்தது என்று கேள்விப்பட்டு, பவர் சப்ளை பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். அது 230 வோல்ட்டிலிருந்து உங்கள் உயிரைக் காக்க இருப்பது. நண்பரின் செம்புக் கம்பியையும் நாங்கள் வீசிவிடவில்லை. ரிக்கிலிருந்து பிரித்து, வெளிச்சுவரில் கோஆக்ஸுக்கு மாட்டிய இடி தாங்கியோடு இணைத்துவிட்டோம்.