ஆங்கிலத்தில் எதிர்மறை இணைப்புச் சொற்கள்

நிலுவைப் பணத்தை 30ஆந் திகதிக்கு முன் செலுத்தாவிடின் மின்சார இணைப்புத் துண்டிக்கப்படும் என்று ஓர் அறிவித்தலை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருக்கிறது. எழுதப் புகும் லிகிதர் ‘அன்லெஸ்’ என்னும் சொல்லோடு வாக்கியத்தைத் தொடங்குகிறார். தொடங்கிய பின்னர், ‘செலுத்தாவிடின்’ என்பதிலுள்ள மறுப்பு விடுபட்டுவிடுமோ என ஐயுற்று, வினையோடு ‘நொட்’ என்பதையும் சேர்த்துவிடுகிறார். விளைவு யாது? பணம் செலுத்தியவருடைய இணைப்பே துண்டிக்கப்படும் என்பது அவ்வாக்கியத்தின் நேர்ப்பொருளாகிவிடுகிறது. மூன்றெழுத்துச் சிறு சொல் ஒன்று அறிவித்தலைத் தலைகீழாக்கிவிட்டது.

இத்தவறு அறியாமையினால் மாத்திரம் நேர்வதன்று. தாய்மொழிப் பழக்கமும் இதற்குக் காரணமாகும். தமிழில் மறுப்பு வினையிலேயே குடிகொண்டிருக்கிறது. வாரான், வரவில்லை, வராமல், வராவிடின், வராதபடி என்பவற்றுள் எதனை எடுத்தாலும், ‘வா’ என்னும் வினையே மறுப்பையும் தாங்கி நிற்பதைக் காணலாம். ‘அண்ணனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை’ என்னுமிடத்தில் இரு பெயர்களையும் இணைக்கும் எண்ணும்மைக்கு மறுப்புப் பொருள் கிடையாது. ஆங்கிலத்திலோ சில இணைப்புச் சொற்கள் மறுப்பைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. அவ்வாறு ஏற்றுக்கொண்டபின் அவற்றைத் தொடரும் வினை உடன்பாடாகவே இருத்தல்வேண்டும். இவ்வொரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலாவது, மேலே கண்ட ‘அன்லெஸ்’. இதன் பொருள் ‘இல்லாவிடின்’ என்பது. ‘இவ்’ என்னுஞ் சொல்லும் ‘நொட்’ என்னுஞ் சொல்லும் சேர்ந்து செய்யும் வேலையை இஃது ஒன்றே செய்கிறது. ஆதலால் ‘அன்லெஸ் த அரியர்ஸ் ஆர் பெயிட்’ என்பதே போதும்.

இரண்டாவது, ‘அன்ரில்’. இது வடிவில் எதிர்மறைச் சொல்லன்று. எனினும் தமிழர் இடறும் இடம் இதுவே. ‘மணி அடிக்கும்வரை வினாத்தாளைத் திறவாதே’ என்றும், ‘மணி அடிக்காதவரை திறவாதே’ என்றும் தமிழில் இருவகையாகவுஞ் சொல்லலாம். கருத்து ஏறக்குறைய ஒன்றே. ஆங்கிலம் முதலாவது வகையையே ஏற்கும். ‘டூ நொட் ஓப்பின் த பேப்பர் அன்ரில் த பெல் றிங்ஸ்’ என்பது சரி. ‘அன்ரில்’ என்பதன் பின் ‘டஸ் நொட்’ புகுந்தால் வாக்கியம் குழம்பிப்போம்.

மூன்றாவது, ‘லெஸ்ற்’. பேச்சில் அருகி, எழுத்தில் மாத்திரம் பெரும்பாலும் வழங்குவது. ‘விழாதபடி கைப்பிடியைப் பற்றினான்’ என்பதை மொழிபெயர்க்கும் மாணவன், ‘விழாத’ என்பதைக் கண்டு ‘லெஸ்ற் ஹீ ஷுட் நொட் ஃபோல்’ என எழுதுகிறான். விழாமற்போய்விடுவோமோ என்று அஞ்சிப் பற்றினான் என்பதன்றோ இதன் பொருள்! ‘லெஸ்ற் ஹீ ஷுட் ஃபோல்’ என்பதே செம்மையான வாக்கியம்.

நான்காவது, ‘நைதர் – நோர்’ என்னும் இணை. இங்கு மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கன. ‘நைதர்’ வந்தால் அதன் துணை ‘நோர்’ ஆகும், ‘ஓர்’ அன்று. இரண்டுஞ் சமமான உறுப்புகளுக்கு முன்னே நிற்றல்வேண்டும். ஆங்கிலமும் பேசான், பிரெஞ்சும் பேசான் என்னுங் கருத்துக்கு ‘ஹீ ஸ்பீக்ஸ் நைதர் இங்கிலிஷ் நோர் ஃபிரெஞ்ச்’ என்று, ‘நைதர்’ என்பதை மொழியின் பெயருக்கு முன்வைப்பதே முறை. வினைக்கு முன்வைத்தால் இணை கோணிவிடும். மேலும், ஒருமையும் பன்மையும் எழுவாய்களாக வரும்போது, வினை தனக்கு அண்மையிலுள்ள எழுவாயைத் தழுவும் என்பது பொதுவாகக் கற்பிக்கப்படும் விதி. அதிபரும் வரவில்லை, ஆசிரியர்களும் வரவில்லை எனின், பன்மைச் சொல்லை இரண்டாவதாக நிறுத்தி ‘வேர்’ என்னும் பன்மை வினையைச் சேர்த்தல் செவிக்கும் இனிதாகும்.

‘நோர்’ தனித்து நின்று இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்குவதும் உண்டு. அப்போது துணைவினை, வினாவாக்கியத்திற்போல, எழுவாய்க்கு முன்னே வந்துவிடும். அவன் வரவுமில்லை, எழுதவுமில்லை என்பது ‘ஹீ டிட் நொட் கம், நோர் டிட் ஹீ றைற்’ என அமையும்.

இரு மறுப்புகள் ஒன்றையொன்று அழிக்கும் என்பது ஆங்கிலத்தில் என்றும் இருந்த விதியன்று. 14ஆம் நூற்றாண்டுப் புலவர் சோசர் மறுப்பை வலியுறுத்துவதற்காக எதிர்மறைச் சொற்களை அடுக்கி எழுதினார். சேக்ஸ்பியரிடத்தும் அவ்வழக்கு உண்டு. பின்னர் எழுத்துவழக்கில் அது குறைந்துவந்தது. 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூலார் அதனைத் தவறென விலக்கினர். அவர்களுள் றொபேட் லௌத் என்பவரின் நூல் 1762இல் முதன்முதல் வெளிவந்தது. ஆங்கிலேயர், அமெரிக்கர் சிலருடைய பேச்சுவழக்கில் இரட்டை மறுப்பு இன்றும் ஒற்றை மறுப்பின் பொருளிலேயே வழங்குகிறது. அப்பேச்சைக் கேட்போர் அதை அறியாமை என்று எள்ளவேண்டியதில்லை. ஆயினும் பரீட்சையிலும், விண்ணப்பத்திலும், உடன்படிக்கையிலும் வழங்கும் பொது ஆங்கிலத்தில் ஓரிடத்து ஒரு மறுப்பே ஏற்புடையது.

கற்போருக்கு உதவும் சோதனை ஒன்று உண்டு. வாக்கியத்தை எழுதி முடித்ததும், இணைப்புச் சொல்லின்மேல் விரலை வைத்து, ‘மறுப்பு இதனுள் இருக்கிறதா?’ என்று கேட்டுப் பார்த்தல்வேண்டும். இருக்குமாயின், அதனைத் தொடரும் வினையில் இன்னொரு மறுப்பு வேண்டியதில்லை. கையொப்பம் இடுவதற்கு முன் இக்கேள்வியைக் கேட்பவர், தாம் கருதியதற்கு மாறான நிபந்தனையொன்றைப் பிறர்மேற் சுமத்தவும் மாட்டார். தாம் அதற்கு உடன்படவும் மாட்டார்.