ஆறப் போடுவது யாருக்காக?

நாஞ்சில் நாட்டில் பழையாற்றங்கரையில் இருக்கும் சுசீந்திரத்தைப் பற்றி ஒரு புராணக் கதை உண்டு. கௌதம முனிவரின் சாபத்துக்கு ஆளான இந்திரன், கொதிக்கும் நெய்யில் முழுகிச் சுத்தமடைந்த இடமாகையால் இந்தப் பெயர் வந்ததென்பார்கள். கதை கதையாகவே நின்றிருந்தால் பாதகமில்லை. ஆனால் தாணுமாலயன் சந்நிதியில் அது நியாய விசாரணையாகவும் நடந்து வந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கிற நெய்க்குள் கையை விட வேண்டும். பிறகு கையைத் துணியால் சுற்றிக் கட்டி விடுவார்கள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இருந்தால் குற்றவாளி, இல்லையேல் நிரபராதி. ‘கைமுக்கு’ என்ற இந்தக் கொடுமை, சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக் காலத்தில் (1829-1846) நிறுத்தப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த மூன்று நாள். விசாரிப்பவர்களின் கோபம் தணியட்டும் என்றோ, சாட்சிகள் மறுபடி யோசிக்கட்டும் என்றோ வைத்த தவணை அல்ல அது. வெந்த கையின் சொந்தக்காரன்தான் காத்திருந்தான். ஆறியது நெய் ஒன்றுதான்.

அவசரத்துக்கும் முடிவுக்கும் நடுவே சில நாட்களை வைப்பது நல்ல யோசனை என்பதில் ஐயமில்லை. “ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு” என்று நம்மவர் சொல்வதும் அதனால்தான். ஆனால் அதே ஜனங்கள்தான் “ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்றும் சொல்லி வைத்தார்கள். ஆறப் போடுவது ஒரு சமயம் நியாயத்தைக் காக்கும். மற்றொரு சமயம் அதைக் கெட்டுப் போகச் செய்யும். எது எப்போது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: காத்திருக்கும்படி சொல்லப்படுகிறவன் யார்?

நமது சட்டப் புத்தகங்களைப் புரட்டுவோம். பொதுஜன சேவைத் தொழில்களில் இருப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்வதற்கு முன் நோட்டீஸ் கொடுத்துப் பதினான்கு நாள் பொறுக்க வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம். 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, இந்தப் பதினான்கு நாளை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விஸ்தரித்து விட்டது. கதவடைப்புச் செய்யும் முதலாளிக்கும் இதே நிபந்தனை உண்டென்பதையும் சொல்லி விடுவதே நேர்மை. சர்க்கார் மீது வழக்குப் போட விரும்பும் பிரஜை, 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அவசரமாயின் கோர்ட்டின் அனுமதி பெற வேண்டும். ஒருமனதாகப் பிரிய விரும்பும் தம்பதிகளுக்கு இந்து விவாகச் சட்டம் ஆறு மாதத் தவணை விதித்தது. சேர்ந்து வாழ வழியே இல்லையென்று தெளிவாகி விட்ட பிறகு இந்தத் தவணையை வற்புறுத்துவது வெறும் வேதனையை நீட்டுவதாகும் என்று கண்டு, கோர்ட்டுகள் அதைத் தள்ளுபடி செய்யலாமென 2017இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இது போற்றத்தக்க தீர்ப்பு.

ஆகவே கூலிக்காரன் பொறுக்க வேண்டும், வழக்காளி பொறுக்க வேண்டும், தம்பதிகள் பொறுக்க வேண்டும். சரி, பொருளை விற்பவன் மட்டும் ஏன் பொறுக்க வேண்டியதில்லை?

மார்கழித் தேரோட்டத்தின்போது சுசீந்திரத்து வீதிகளில் கடை பரப்புகிறவர்களைப் பற்றி நமக்குப் புகாரில்லை. அங்கே வாங்குபவன் தன் காலால் நடந்து போகிறான், நாலு கடை பார்க்கிறான், பேரம் பேசுகிறான், பிடிக்காவிட்டால் திரும்பி வந்து விடுகிறான். வீட்டுத் திண்ணைக்கே வந்து உட்காரும் விற்பனையாளன் கதை வேறு. புருஷன் வயலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வருகிறான். தண்ணீர் சுத்திகரிக்கும் யந்திரமோ, பிள்ளைகளின் படிப்புக்குப் புத்தக வரிசையோ, மாதத் தவணையில் தருவதாகச் சொல்கிறான். வந்தவரை வெறுங்கையுடன் அனுப்பக் கூசும் நமது தாட்சணியமே அவனுடைய மூலதனம். கையெழுத்து விழுகிறது. மாலையில் வீட்டார் கூடிக் கணக்குப் பார்க்கும்போதுதான், மூன்று வருஷத்துக்குக் கடனாளியானது தெரிகிறது.

இந்த வியாதிக்கு மேல்நாட்டார் மருந்து கண்டு வெகு நாளாயிற்று. கடைக்கு வெளியே கையெழுத்திட்ட தவணை ஒப்பந்தங்களைச் சில தினங்களுக்குள் ரத்துச் செய்யலாமென்று 1964இல் பிரிட்டிஷ் சட்டம் வகை செய்தது. வாசலில் நடக்கும் விற்பனைக்கு மூன்று வேலை நாட்கள் என்ற விதி 1974 முதல் அமெரிக்காவில் இருந்து வருகிறது. ஐரோப்பிய யூனியனின் 2011ஆம் ஆண்டுக் கட்டளைப்படி, வாசல் விற்பனைக்கும் தூரத்திலிருந்து நடக்கும் விற்பனைக்கும் பதினான்கு நாள். காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

நம் தேசத்தில்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை முறைகேடான வியாபாரம் என்கிறது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் முப்பது நாள். நல்லதே. ஆனால் பொருளில் பழுதில்லை, வாங்கிய முறையில்தான் பழுது என்றால் என்ன செய்வது? அதற்குப் பொதுவான உரிமை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் போன்ற ஓரிரு துறைகளில் அந்தந்தக் கட்டுப்பாட்டு ஸ்தாபனம் கொடுத்த சலுகை உண்டு. கைபேசி மூலம் வாங்கும் கடனை அபராதமின்றித் திருப்பிக் கொடுத்து விலகிக் கொள்ள ரிசர்வ் வங்கி 2022இல் இடம் செய்தது. 2025ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த அவகாசம் குறைந்தபட்சம் ஒரே ஒரு நாள்! கடன் கொடுப்பதற்கு ஐந்து நிமிஷம்; யோசிப்பதற்கு ஒரு நாள். தாராளந்தான்.

காத்திருப்பதற்கு எதிரியாக நாம் எழுதவில்லை. தேசிய இயக்கமே தன் மேல் தவணை விதித்துக் கொண்டு வளர்ந்ததுதான். 1930 மார்ச் 2இல் காந்தியடிகள் வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதி, தாம் செய்யப் போவதை முன்கூட்டியே தெரிவித்து, 11ஆம் தேதி வரை கெடு வைத்தார். 12ஆம் தேதி காலையில் சபர்மதியிலிருந்து புறப்பட்டார். எதிராளிக்கு யோசிக்க அவகாசம். ஆனால் அதற்கு ஒரு தேதி.

தேதியில்லாத தவணையும் உண்டு. அதைச் சுசீந்திரமே அனுபவித்தது. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமை எல்லா ஜாதியாருக்கும் வேண்டுமென்று 1926இல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அது நின்றது. 1927இல் காந்தியடிகள் நாகர்கோயிலுக்கு வந்தார். 1930இல் மறுபடி சத்தியாக்கிரகம் எழுந்தது. திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது 1936 நவம்பர் 12இல்! தெருவில் நடக்கக் கேட்டவர்கள் பத்து வருஷம் பொறுத்தார்கள். உணர்ச்சிகள் அடங்கட்டும், சமயம் கனியட்டும் என்று இப்படிப்பட்ட போராட்டங்களில் உபதேசிப்பவர்கள் எப்போதும் தெருவில் தாராளமாக நடந்து கொண்டிருப்பவர்களே.

வாசலில் செய்த ஒப்பந்தத்தை ஏழு நாளுக்குள் ரத்துச் செய்யும் உரிமை, அதை அச்சிட்டு வாங்குபவர் கையில் கொடுக்கும் கடமை விற்பவருக்கு, கொடுக்காவிட்டால் கெடு ஆரம்பமே ஆகாது என்ற நிபந்தனை: இம்மூன்றையும் நுகர்வோர் சட்டத்தில் சேர்க்கும்படி நமது ஊர்ச் சங்கங்களும் தொழிலாளர் சங்கங்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களை நெருக்க வேண்டும். பதினான்கு நாள் பொறு என்று தொழிலாளிக்குச் சொல்லத் தெரிந்த பார்லிமெண்டுக்கு, ஏழு நாள் பொறு என்று வியாபாரிக்குச் சொல்வது பெரிய காரியமல்ல.

அதுவரை, கையில் இருக்கும் உரிமையையாவது இழக்காதிருப்போம். 2024 முதல் இன்ஷூரன்ஸ் பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அதை வேண்டாமென்று திருப்பி அனுப்பலாம். காப்பிலிருந்த நாட்களுக்குரிய தொகை, வைத்தியப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம் இவை போக மிச்சப் பணம் திரும்பி வரும். இது தெரியாமலே கெடுவைக் கடத்தியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பத்திரம் வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வைக்கும்படி, படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லட்டும்.