குளிரில் டீஸல் வண்டியைக் கிளப்பும் முறை

மார்கழி மாதத்து விடியற்காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தும் ஒரு துளியேனும் வாராமையால், அதனை வெயிலில் வைத்துக் காத்திருப்பது நம்மவர் வீடுகளில் வழக்கமேயாம். அவ்வெண்ணெய்க்கு ஏறத்தாழ 24 டிகிரி சென்டிகிரேடில் நேர்வதே, அதனினும் மிக்க குளிரில் டீஸல் எண்ணெய்க்கும் நேருகின்றது. தலைக்கிடும் எண்ணெய் உறைந்தால் தலைவாரச் சற்றே தாமதமாகும், அவ்வளவே. லடாக்கில், கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரத்திலோ, திராஸ் என்னும் சிற்றூரிலோ, பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியில் விடிகின்ற ஒரு தை மாதக் காலையில், பிரசவ வேதனையுற்றாள் ஒருத்தியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டிய வண்டி கிளம்பாது நின்றால் அதன் விளைவு எத்தகையதென்று சொல்ல வேண்டுவதில்லை. நாமக்கல்லினின்று புறப்படும் லாரிகள் இமயமலைச் சாரல் வரையும் செல்லுகின்ற இக்காலத்தில், இவ்விஷயம் நமக்கு முற்றும் அயலானதும் அன்று.

டீஸல் எஞ்சின் குளிருக்கு இவ்வளவு அஞ்சுவதன் காரணம் அதன் பிறப்பிலேயே உள்ளது. 1858-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிறந்த ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் தமது எஞ்சினை வெற்றியுற ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறியானது தீ மூட்டுகின்றது. டீஸல் எஞ்சினிலோ பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காகச் சுருக்கும்போது அக்காற்றுத் தானே கொதிப்புறுகின்றது. அதனுள் பீச்சப்படும் எண்ணெய் அக்கொதிப்பினாலேயே பற்றிக்கொள்ளுகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்குங்கால் பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நன்கு சுழலும் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று 30 டிகிரியாயின், சுருங்கிய பின் அதன் உஷ்ணம் 540 டிகிரிக்கு அணித்தாக ஏறும். உள்ளே வருங்காற்றே பூஜ்யத்துக்குக் கீழ் 20 ஆயின் 410 அளவில் நின்றுவிடும். அதுவும் போதுமானதே எனலாம். ஆனால் குளிர்ந்த எஞ்சின் நன்கு சுழல்வதில்லை என்பதே தொல்லை. மசகெண்ணெய் பாகுபோல் தடித்துப் பிஸ்டனைப் பிடித்திழுக்கின்றது. சுழற்றவேண்டிய பாட்டரியோ, கடுங்குளிரில் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்து நிற்கின்றது. இங்ஙனம் வேலை மிகுந்து வேலையாள் மெலிந்தபடியால், ஸ்டார்ட்டர் மெல்ல மெல்லத்தான் சுழற்றும். சுருங்குங் காற்று வளையங்களின் இடுக்கால் கசிவதற்கும், தன் சூட்டைக் குளிர்ந்த சுவர்களுக்குக் கொடுத்துவிடுவதற்கும் அவகாசம் மிகும். அப்பொழுது உஷ்ணம் 250 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுதல் கூடும். டீஸல் எண்ணெய் தானே பற்றும் எல்லையும் அதுவே. அவ்வெல்லையில் பற்றுவதற்கு நேரஞ் செல்லும். எஞ்சினோ அந்நேரத்தைக் கொடாது. மலையுச்சியில் காற்றழுத்தமும் குறைவாதலின் பற்றுதல் பின்னும் தாமதிக்கின்றது.

இனி, எண்ணெயைப் பற்றிய செய்தி. டீஸலில் பாரபின் என்னும் மெழுகு இயற்கையாகவே கரைந்துள்ளது. குளிர் மிகுங்கால் முதலில் எண்ணெய் மங்கித் தோன்றும்; பிறகு மெழுகுத் துகள்கள் வடிகட்டியின் நுண்துளைகளை அடைக்கும்; ஈற்றில் எண்ணெயே ஓடாது உறையும். வண்டி நின்றுபோவது பெரும்பாலும் இரண்டாம் நிலையிலேயே என்பதை மறத்தலாகாது. தொட்டியில் எண்ணெய் நீர்மையாய் அலைவதைக் கண்டு, பழுது வேறிடத்தில் என்று தேடி ஏமாறுவோர் பலர். இக்குறை தீரவே, 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இந்தியன் ஆயில் கம்பெனியார் பூஜ்யத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை ஓடுந்தன்மை கெடாத குளிர்கால டீஸலை லடாக்கில் விற்கத் தொடங்கினர். அதற்கு முன்னர் ஓட்டுநர்கள் டீஸலில் மண்ணெண்ணெயைக் கலந்து வந்தனர். பழைய லாரிகள் அதனை ஒருவாறு பொறுத்துக்கொண்டன. இக்காலத்து எஞ்சின்களில் மிக்க அழுத்தத்தில் வேலைசெய்யும் பம்புக்கு டீஸலே மசகெண்ணெயாகவும் உதவுகின்றது. வழுவழுப்புக் குன்றிய மண்ணெண்ணெய் அப்பம்பினைத் தேய்த்துக் கெடுத்துவிடும்.

மெழுகு கட்டுவதைத் தடுக்கும் மருந்துகளும் கடைகளில் உண்டு. அவை மெழுகு திரளுமுன் சேர்த்தால் பயன்படும். திரண்டபின் சேர்ப்பது வெள்ளம் போனபின் அணையிடுவதாம். குளிர்கால எண்ணெயை இட்டாலும், அது வடிகட்டி வரையும் சென்றடையும்படி சிறிது தூரம் வண்டியை ஓட்டிய பின்னரே நிறுத்தல் வேண்டும்.

இவற்றால், காலையில் வண்டி கிளம்புவது முதல்நாள் மாலையிலேயே நிச்சயிக்கப்படுகின்றது என்பது பெறப்படும். காற்றுக்கு மறைவான இடத்தில், எஞ்சினின் முகம் கிழக்கு நோக்க நிறுத்துக. தொட்டியை நிறைத்து வைத்தால் உள்ளே ஈரம் படிந்து நீராவதற்கு இடமிராது. வடிகட்டியின் அடியில் தங்கிய நீரைத் திறந்து விடுக. கைபிரேக்கை இறுக்கி வைத்தால் ஈரம் உறைந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுமாதலின், கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நலம். ரேடியேட்டரில் உறையா மருந்தும் நீரும் சமபாகமாய் இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழ் 35 டிகிரி வரை அச்சமில்லை. மசகெண்ணெய்க் குப்பியின்மேல் டபிள்யூ எழுத்துக்கு முன்னுள்ள எண் சிறியதாயின் குளிரில் அவ்வெண்ணெய் இளகியோடும். எஞ்சினுக்கு உரியவற்றுள் அத்தகையதையே கொள்க. பழைய வண்டியாயின் பாட்டரியைக் கழற்றி இரவில் வீட்டினுள் வைத்தல் மிக்க பயன்தரும்.

காலையில் விளக்கு முதலிய யாவற்றையும் அணைத்துக் கிளச்சை மிதித்துக்கொள்க; கியர்ப்பெட்டியின் தடித்த எண்ணெயைச் சுழற்றும் வீண்வேலை ஸ்டார்ட்டருக்கு அப்போது இராது. சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் சுருள்வடிவான சிறு விளக்கொன்று எரியும். குளோ பிளக் என்னும் சூட்டுக்கோல்கள் சிலிண்டருக்குள் செந்தணலாய்க் காய்கின்றன என்பதற்கு அதுவே அறிகுறி. அவ்விளக்கு அணையுமுன் ஸ்டார்ட்டரைத் தொடலாகாது. கடுங்குளிராயின் சாவியை அணைத்து மீண்டும் ஒருமுறை காய்ச்சுதலும் நன்று. பின்னர்ப் பத்து விநாடிக்கு மேற்படாது சுழற்றுக. கிளம்பாவிடின் இரண்டு நிமிஷம் பாட்டரிக்கு ஓய்வு கொடுத்தே மீளவும் முயல்க. விடாது சுழற்றுபவர் மூன்று முயற்சியில் முடியவேண்டியதை ஒரே முயற்சியில் இழக்கின்றனர்.

சுழற்றும்போது புகைக்குழாயைப் பார்க்க ஒருவரை நிறுத்துக. வெண்புகை வந்தால் எண்ணெய் சிலிண்டரைச் சேர்கின்றது, சூடுதான் போதவில்லை என்று பொருள். மறுபடியும் காய்ச்சிச் சுழற்றினால் பலிக்கும். சிறிதும் புகையின்றேல் எண்ணெயே வரவில்லை; மெழுகு அடைத்துக்கொண்டது. அந்நிலையில் பாட்டரியை வதைப்பது வீண். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வடிகட்டியின்மேல் பலமுறை சுற்றி, மின்கம்பிகள் நனையாவண்ணம் மெல்லச் சூடேற்றுவதே வழி.

மெல்ல என்பதனை வற்புறுத்திச் சொல்லுகின்றேன். மலைநாடுகளில் தொட்டியின் கீழ் நெருப்பு மூட்டும் வழக்கம் உண்டு. 1941-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ருஷ்யாவிற் சிக்கிய ஜெர்மானியப் படையினரும் தம் வண்டிகளின் அடியில் தீ வளர்த்தே அவற்றைக் கிளப்ப முயன்றனர். அவர்களை எதிர்த்த ருஷ்யரின் டி-34 டாங்கிகளுக்கோ, பாட்டரி சோர்ந்தவிடத்து அழுத்தி நிரப்பிய காற்றினாலேயே எஞ்சினைச் சுழற்றும் வசதி இருந்தது. போர்க்களத்தில் வேறு கதியற்றோர் செய்ததை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. இக்காலத்து வண்டிகளில் தொட்டி பெரும்பாலும் பிளாஸ்டிக். பக்கத்திலேயே பிரேக் குழாய்களும் மின்கம்பிகளும் ஓடுகின்றன. ஈதர் ஆவியைக் காற்றுக்குழாயிற் பீச்சுவது அதனினும் கொடிது. காய்ந்த குளோ பிளக்கின்மேல் ஈதர் பட்டால் அது காலம் பாராது வெடித்துப் பிஸ்டனையே பிளக்கவல்லது.

எஞ்சின் கிளம்பியதும் உறுமவிடுதல் தகாது. தடித்த எண்ணெய் டர்போவின் அச்சுக்குச் சென்றுசேர அவகாசம் வேண்டும். எனினும் அரைமணி நேரம் நின்றபடியே ஓடவிடுவதும் தவறு. டீஸல் எஞ்சின் வேலையின்றி நிற்கையில் சூடேறுவது மிக அரிது; வேகாத எண்ணெய் சுவரில் வழிந்து மசகெண்ணெயைக் கெடுக்கும். ஒரு நிமிஷம் கழித்து மெல்ல ஓட்டிச் செல்வதே முறை. முதல் சில மைல்களில் விரைவு வேண்டா. அந்த ஒரு நிமிஷமும் கொட்டகையின் கதவு திறந்தே இருக்கவேண்டும். குளிருக்கஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட்டினால், நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்ஸைடு முதலான நச்சு வாயுக்கள் அவ்விடத்தை நிரப்பிவிடும்.