புகுந்த வீட்டில் பாஞ்சோ

வில்லை இழுக்கும்வரை வயலினில் ஸ்வரம் நிற்கும். பாஞ்சோவிலோ மீட்டிய வேகத்தில் நாதம் அடங்கிவிடும். கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்தாற்போன்ற இந்த வாத்தியம், அயர்லாந்தின் துள்ளல் நடன மெட்டுகளுக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

விடை தந்தவர் டப்ளின்காரரான பார்னி மெக்கென்னா (1939-2012). 1962இல் உருவான 'டப்ளினர்ஸ்' குழுவில் இறுதிவரை வாசித்தவர். நான்கு தந்தி டெனர் பாஞ்சோவின் வழக்கமான சுருதியை இறக்கி, ஜி-டி-ஏ-இ என்று வைக்கும் முறையைப் பரவலாக்கினார். வயலினின் அதே வரிசைதான்; ஒரு ஸ்தாயி கீழே, அவ்வளவே. தலைமுறைகளாக வயலினில் ஒலித்த மெட்டுகள் அதே விரலமைப்பில் பாஞ்சோவுக்கும் வசப்பட்டன.

நாதம் நீடிக்காத குறையும் நிறையாயிற்று. நீண்ட ஸ்வரம் வரவேண்டிய இடத்தில், மீட்டுவில்லையால் மூன்று ஸ்வரங்களைப் படபடவென உதிர்க்கும் 'டிரிப்லெட்' அதன் முத்திரை. ஜிக், ரீல் எதுவானாலும் ஆடுபவரின் கால்களுக்குத் தாளம் துல்லியமாகக் கேட்கிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் அமெரிக்க மண்ணில் உருவாக்கிய வாத்தியம் இது. பிறந்த வீடு எங்கோ. புகுந்த வீட்டில் இன்று வயலினுக்கும் குழலுக்கும் சரிசமமாக அமர்ந்திருக்கிறது. மெக்கென்னா இல்லை. அவர் இறக்கிவைத்த சுருதியில்தான் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள்.