இளவேனில் மலைப்பாதைக்கான காலணிகள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில், ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரம் சேறாகவும் உயரப் பகுதி பனியாகவும் இருப்பதால், ஒரே நாளில் இரு பருவங்களுக்குரிய காலணிகள் தேவைப்படுகின்றன. குளிர்காலம் முழுவதும் பலர் மிதித்து இறுகிய பாதையின் நடுப்பகுதி, இருபுறப் பனியும் உருகிய பின்னரும் குறுகிய பனிக்கட்டி வரப்பாக எஞ்சி நிற்கும். காலையில் கடுமையாக வழுக்கும் அதன்மீது, காலணிக்கு வெளியே ரப்பர் பட்டையால் மாட்டப்படும் எஃகுப் பற்சங்கிலியான மைக்ரோஸ்பைக் பிடிப்பைத் தரும். நண்பகல் வெயிலில் பனி இளகியதும் கால் தொடைவரை புதையக்கூடும் என்பதால், உடல் எடையைப் பரந்த பரப்பில் பகிர்ந்தளிக்கும் ஸ்னோஷூ அப்போது வேண்டும். காலைநேர இறுக்கத்தை நம்பி அதைக் காரிலேயே விட்டுச் செல்வது பெரும் பிழை. நீர்புகாப் படலம் கொண்ட பூட்ஸ் ஈரப் பனிக்கு ஏற்றதேயாயினும், மேல்விளிம்பு வழியே நீர் புகுந்துவிட்டால் எளிதில் உலராது. ஆகவே கணுக்காலை மூடும் உறையான கெய்ட்டரும், நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும் கம்பளிக் காலுறையும் (பருத்தி கூடவே கூடாது) உடன் தேவை. சேற்றைச் சுற்றி நடப்பது ஓரச் செடிகளை அழித்துப் பாதையை அகலமாக்குவதால், அதன் நடுவே தயங்காமல் மிதிக்கத்தக்க காலணியே நல்ல காலணி. இத்தொடரின் 1,917 மீட்டர் உயர வாஷிங்டன் சிகரத்தில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது 1934 ஏப்ரல் 12 அன்றுதான் என்பதால், காற்றுத்தடுப்பு மேலங்கியையும் பையிலிருந்து எடுத்துவிடலாகாது.